இரண்டாம் மாடியிலிருந்து யாரோ

ஜூலை 7, திங்கள்

பக்கத்துத் தெரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு வந்தவர்கள் திறந்து பார்த்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி: பணம் கொடுத்தால் திறந்துவிடுகிறோம். ஷிப்மென்ட் விவரம், பேட்டர்ன், சம்பளக் கணக்கு எதையும் தொட முடியவில்லை. பேக்கிங் லிஸ்ட்டைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம்.

எங்கள் எம்.டி. நாச்சிமுத்து ஐயா காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார். "நம்மூட்டுக்கு அந்தத் திருடன் வர்றதுக்குள்ள நல்ல பூட்டா வாங்கிப் போடோணும் அம்மணி. எந்தப் பூட்டுன்னு நீயே பாத்துச் சொல்லு." இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

செங்காந்தள் நிட்வேரில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. இரண்டு கம்பெனிகளிடம் இலவச ட்ரையல் கேட்டிருக்கிறேன். பெயர்கள் இரண்டும் வாயில் நுழையாதவை. முதலாவதைக் கலங்கரை என்றும் இரண்டாவதைக் கவசம் என்றும் வைத்துக்கொள்கிறேன். கலங்கரை எங்கோ கிளவுடில் இருந்தபடி நம் நெட்வொர்க்கில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்கும். தெருமுனையில் நின்று வண்டிகளைக் கவனிப்பதுபோல. கவசம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

இந்த நோட்டு டாக்டர் சொன்னதற்காக. தூக்கம் வரவில்லை என்று போனதற்கு, மாத்திரையோடு, மனதில் இருப்பதைத் தினமும் எழுதுங்கள் என்றார். மனதில் ஒன்றும் இல்லை. சர்வர் எப்போது கூப்பிடுமோ என்கிற பழக்கம், அதில் தூக்கம் கலைகிறது. ஆபீஸ் விஷயத்தை எழுதுகிறேன். அது போதும்.

ஜூலை 9, புதன்

கலங்கரையை இணைத்தேன். மத்தியானத்துக்குள் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தது. கட்டிங் செக்‌ஷனில் இருக்கிற சி.சி.டி.வி. பெட்டி, யாரும் கேட்காமலே வெளிநாட்டில் ஏதோ ஒரு முகவரியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ. அதைத் துண்டித்தேன். ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

கூட்டத்தில் ஜி.எம். ஹரிகேசவனும் பாராட்டினார். ஐயாவின் தங்கை மகன். இரண்டாம் மாடி மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர் பிடித்துக் கவனிக்கிற பிரிவு, முழுவதும் அவர் கையில்தான். உட்காருங்கள் தமயந்தி என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே பேசினேன். உட்கார்ந்து பேசினால் எனக்கு முதுகு வலிக்கும்.

ஒரு குறை. இரண்டாம் மாடி கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே ரவுட்டர் வழியாக வெளியே போவதால், கலங்கரைக்கு அவை எல்லாம் ஒரே ஆள்தான். இரண்டாம் மாடியிலிருந்து யாரோ என்று மட்டும்தான் சொல்லும். குறிப்பில் எழுதிவைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

போர்வெல் மோட்டார் ரிப்பேர். லாரித் தண்ணீர். எழுத நேரமில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று கவசம். இரண்டாம் மாடியில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜனவரியில் சேர்ந்த ரூபிகா என்கிற பெண், தாராபுரத்துக்காரி, ஹாஸ்டலில் இருக்கிறாள், மேசையைத் திருப்பிப் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர், முகத்துக்கு நேரே கதவு. நெட்வொர்க் ஒயர் எட்டாமல் இழுத்துக் கட்டி, யாராவது தடுக்கி விழுகிற மாதிரி இருந்தது. கீழே போய் நீளமான கேபிள் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தேன். ஏன் திருப்பினாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தேங்க்ஸ் அக்கா என்றாள்.

ஜி.எம். தன் அறைக்குக் கூப்பிட்டார். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தே வைத்தேன். ஏ.சி. எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். நாளெல்லாம் சர்வர் ரூம் குளிரில் இருக்கிறவள்.

கவசத்தின் விளம்பரத் தாளை முழுக்கப் படித்திருக்கிறார். ஒவ்வொருவரும் எந்த வெப்சைட்டுக்குப் போனார்கள், திரையில் என்ன இருந்தது, எல்லாம் தெரியுமாமே, அதைப் போட்டுவிடுங்கள் என்றார். வைரஸைத் தடுக்கத்தான் ட்ரையல் எடுத்தோம், வேலை பார்ப்பவர்களைப் படம் பிடிக்க இல்லை என்றேன். சிரித்தார்.

பிறகு, "செப்டம்பர்ல ஜெர்மனி கண்காட்சி இருக்கு. ஸ்டால்ல சிஸ்டம் எல்லாம் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா தமயந்தி, இல்ல ரூபிகாவைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார்.

மகளுக்குப் பரீட்சை என்றேன். செப்டம்பரில் இதழினிக்குப் பரீட்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் கம்பெனிக்காக டெல்லிக் கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு வெளியூர்ப் பயணம் சரிப்படுவதில்லை.

திரையைப் படம் எடுக்கிற வசதியை அணைத்துவிட்டேன். வெப்சைட் பதிவு, போட்டவுடனேயே தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதை அணைக்க கம்பெனிக்காரர்களிடம் எழுதிக் கேட்க வேண்டுமாம். நாளைக்கு எழுத வேண்டும்.

ஜூலை 16, புதன்

நேற்று எழுத மறந்துவிட்டேன். அந்தக் கடிதத்தைத்தான். இந்த நோட்டையும்தான். இன்று அனுப்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

எங்களிடம் அதிகம் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஐயாவுக்கு மெயில். அவர்களுடைய வெப்சைட்டில், தங்களுக்குத் துணி தைத்துத் தரும் கம்பெனிகளில் யாருக்காவது குறை இருந்தால் பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று ஒரு பகுதி உண்டு. செங்காந்தளில் இருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். உயர்ந்த பதவியில் இருக்கிற ஒருவர் பெண்களிடம் தவறாக நடக்கிறார் என்று. விசாரிக்க ஆள் அனுப்புவதாகவும், அதுவரை புது ஆர்டர் நிற்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

ஐயா அறையில் நாலு பேர். ஐயா, ஜி.எம்., கணக்குப் பிரிவுத் தலைவி பரிமளம் அம்மா, நான். ஐயாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஜி.எம். மட்டும் நிதானமாக இருந்தார். இது போட்டிக் கம்பெனிக்காரன் வேலை, காசு கொடுத்து நம் பெண்ணையே எழுத வைத்திருக்கிறான் என்றார். யார் என்று கண்டுபிடித்துவிட்டால், வாங்குபவரிடம் எல்லாம் பொய் என்று நிரூபித்துவிடலாம் என்றார்.

எந்தத் தவறு, யாரிடம், என்று யாரும் கேட்கவில்லை. பரிமளம் அம்மா மேசைமேல் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலங்கரையில் பார்க்கச் சொன்னார்கள். எல்லார் முன்னாலும் திறந்தேன். பதினைந்தாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் அந்த வெப்சைட்டுக்கு நம் ஆபீசிலிருந்து போயிருக்கிறார்கள். எங்கிருந்து என்றார் ஐயா. இரண்டாம் மாடியிலிருந்து யாரோ என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மேலே பெண்கள் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள்.

ஜூலை 19, சனி

ஆபீஸ் பாதி காலி. கவசத்தின் திரையைத் திறந்தேன். பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதினைந்தாம் தேதி, அந்த வெப்சைட் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. அதில் ஒரே ஒரு பெயர்.

மூடிவிட்டேன்.

மூடும்போதுதான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். தமயந்தி இன்ன நேரத்துக்கு இதைத் தேடினார் என்று என்னையும் எழுதி வைத்திருந்தது. அந்த வரியையும் அழிக்க முடியாது, அவள் வரியையும் அழிக்க முடியாது. எல்லாம் அவர்களுடைய கிளவுடில் இருக்கிறது. யாராவது கேட்டால், தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஜூலை 20, ஞாயிறு

இட்லிக்கு மாவு ஆட்டினேன். இதழினியின் யூனிஃபார்முக்குப் பொத்தான் தைத்தேன். சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் நல்லசிவத்துக்கு இந்த வாரம் ஞாயிறும் வேலை. சாயங்காலம் வந்து, என்ன ஒரு மாதிரி இருக்கே என்றார். தலைவலி என்றேன்.

ஜூலை 21, திங்கள்

ரூபிகா சர்வர் ரூமுக்கு வந்தாள். பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லி வந்தாள்.

"அக்கா, புதுசாப் போட்டீங்களே, அது எல்லாத்தையும் பாக்குமாங்க்கா?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதாங்க்கா." வாசலில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "மேல எல்லாத்து போனையும் வாங்கிப் பாக்கறாங்க. கவிதாக்காவ ரெண்டு மணி நேரம் உள்ள உக்கார வெச்சுக் கேட்டாங்க. அவங்க ஒண்ணுமே பண்ணலீங்க்கா. அழுதுட்டே வந்தாங்க."

அவளுடைய கை மேசை ஓரத்தைப் பிடித்திருந்தது. நகங்களை எல்லாம் சதையோடு ஒட்டக் கடித்து வைத்திருந்தாள்.

நான், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போகும்போது வாசலில் நின்று, "ஜெர்மனிக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்றாருங்க்கா. எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. மாட்டேன்னு எப்புடிங்க்கா சொல்றது?" என்றாள்.

பிரிண்டருக்கு ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். பீரோவையும் ஒழுங்குபடுத்தினேன். எதற்கு என்று தெரியவில்லை, எல்லாத் துணியையும் வெளியே எடுத்து மறுபடியும் அடுக்கினேன்.

ஜூலை 23, புதன்

கவசம் விற்கிற பிரதாப் சென்னையிலிருந்து கூப்பிட்டான். ஜி.எம். நேரடியாக அவனிடம் பேசியிருக்கிறார். முழுப் பதிவையும் பார்க்கிற பாஸ்வேர்டு தனக்கு வேண்டும் என்று கேட்டாராம். கணக்கு என் பெயரில் இருப்பதால் என் சம்மதம் இல்லாமல் தர முடியாது, கொடுத்துவிடலாமா மேடம் என்றான். கூடாது என்றேன். வாயால் சொன்னால் போதாது, மெயிலில் போடுங்கள் என்றான். போட்டேன். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

மத்தியானம் ஜி.எம். சர்வர் ரூமுக்கே வந்தார். நான் மாடியிலிருந்து இந்த அறைக்கு இடம் மாறி வந்த இத்தனை வருடத்தில் அவர் இங்கே வந்ததில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நான் உங்ககிட்ட மரியாதையாத்தான் கேக்கறேன் தமயந்தி. ஒரு பேர். அவ்வளவுதான். நமக்குள்ள பழைய சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"கதவு திறந்திருந்தா குளிர் போயிருங்க சார். சர்வர் சூடாயிரும்."

"மூடிடட்டுமா?"

நான் எழுந்து அவரைத் தாண்டி வெளியே வந்து, வராந்தாவில் ஆட்கள் இருக்கிற இடத்தில் நின்றேன். திங்கட்கிழமை கூட்டத்தில் ஐயா முன்னால் அந்தப் பதிவைத் திறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொல்லும்போது புன்னகை செய்தார். பார்த்தவர்கள் ஏதோ நல்ல விஷயம் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 24, வியாழன்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

என்ன எழுதிக் கொடுப்பது என்று நேற்று முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கலங்கரை மட்டும் போதும் என்று எழுதிவிடலாம். கவசம் கம்ப்யூட்டரை மெதுவாக்குகிறது, வேண்டாம், இன்றே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாம். ட்ரையல் கணக்கை மூடினால் கிளவுடில் இருக்கிற பதிவும் மொத்தமாகப் போய்விடும்.

இன்று காலையிலேயே அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. பரிமளம் அம்மாவுக்கு, நூல் மில்லிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில். பில் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். அடுத்த நொடி கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. பக்கத்துத் தெருவில் வந்த அதே சங்கதி. கவசம் அந்தக் கம்ப்யூட்டரை மற்றவற்றிலிருந்து தானாகவே பிரித்து நிறுத்திவிட்டது. நான் மூச்சிரைக்க மாடியேறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கையளவு கோப்புகள் போயின. அவற்றுக்கும் பிரதி இருக்கிறது.

கலங்கரை? கொஞ்ச நேரம் கழித்து, கணக்குப் பிரிவிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஏதோ போகிறது என்று எச்சரிக்கை அனுப்பியது. தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருந்தால் இந்நேரம் நாங்களும் கையால் எழுதிக்கொண்டிருப்போம்.

பரிமளம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் வேலையே போயிருக்கும் தமயந்தி என்றார்.

கவசம் வேண்டாம் என்று இனி நான் எழுத முடியாது. எழுதினால் பொய். இங்கே தைக்கிற அத்தனை பேரின் பிழைப்பும் அந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. வேண்டும் என்று எழுதினால் திங்கட்கிழமை அதைத் திறக்கச் சொல்வார்கள்.

சாயங்காலம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிற பலகையைப் படித்தேன். தினமும் தாண்டிப் போகிற பலகை. பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழு, தலைவர் பரிமளம், உறுப்பினர்கள் இன்னார் இன்னார். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போயே ரொம்ப காலம் ஆகிறது.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அதே நாலு பேர். என் அறிக்கையைக் கொடுத்து, முதலில் மென்பொருள் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். கலங்கரை தூரத்திலிருந்து பார்க்கும், சி.சி.டி.வி. பெட்டிபோல நாம் மறந்துபோனவற்றைக்கூடக் காட்டிக் கொடுக்கும், ஆனால் ஆபத்து வரும்போது கை நீட்டித் தடுக்காது. கவசம் தடுக்கும். வெள்ளிக்கிழமை தடுத்தது. கவசத்தையே வாங்கலாம். ஆனால் யார் எந்த வெப்சைட்டுக்குப் போகிறார்கள் என்கிற பதிவை நிறுத்திவிட்டுத்தான் வாங்க வேண்டும். பதிவைப் பார்க்க வேண்டிய தேவை வந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும்.

ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் மாமா. பதினஞ்சாம் தேதிப் பதிவை முதல்ல தொறக்கச் சொல்லுங்க."

ஐயா என்னைப் பார்த்தார். "அதுல தெரியுமா அம்மணி?"

"தெரியுங்கய்யா. நான் பாத்துட்டேன்."

"அப்பறமென்ன, சொல்லு."

"சொல்ல மாட்டனுங்க."

ஜி.எம். சிரித்து, சம்பளம் கொடுப்பது யார் என்று இவங்களுக்கு மறந்துவிட்டது என்றார். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து நாளாக ஆர்டர் நிற்கிறது, நீ என்ன விளையாடுகிறாயா என்று சத்தம் போட்டார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

எனக்கு அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை.

"யார் எழுதுனதுன்னுதான் எல்லாருமே தேடறோமுங்கய்யா. எழுதுனது நெசமான்னு ஒருத்தரும் கேக்கல. அது நெசமுங்க. எனக்குத் தெரியும். டெல்லிக்கு என்னையுங் கூட்டிட்டுப் போனாரு. ராத்திரி ரூம் கதவத் தட்டுனாரு. ஃபைல் வேணும்னாரு, தொறந்தேன்."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பரிமளம் அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

ஜி.எம். எழுந்துவிட்டார். பொய், எல்லாம் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள், புகார் எழுதியதே இவள்தான் என்றார். முதல் தடவையாக என்னை 'இவள்' என்றார். நான் எழுதவில்லை என்றேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வயசான முகமாகத் தெரிந்தது. "அன்னிக்கே ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"உங்க தங்கச்சி பையனப் பத்தி உங்ககிட்ட வந்து யாருங்கய்யா சொல்லுவாங்க?"

எல்லாரும் போங்கள் என்றார். அவ்வளவுதான்.

வேறு யாராவது சொல்லி நல்லசிவம் கேள்விப்படக் கூடாது. வீட்டுக்கு வந்ததும், இதழினி டியூஷன் போன பிறகு, அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அறையில் சொல்லாததையும் சேர்த்து. அவர் அடுப்பை அணைத்தார். தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு, "அதுதான் டெல்லில இருந்து ஒரு நாள் முன்னாலயே வந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் ஸ்டேஷனுக்குக்கூட வரலியே," என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

ஜூலை 30, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. ஜி.எம். வழக்கம்போல வருகிறார். நான் கேண்டீனில் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. கட்டிங் மாஸ்டர், எனக்குக் கேட்கட்டும் என்றே, வெளிநாட்டுக்காரனிடம் போட்டுக் கொடுத்து நம் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று யாரிடமோ சொன்னார். ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள். அவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

என் மேசையை ஒழித்து, என் சாமான்களை ஒரு பையில் போட்டு வைத்தேன். எப்போது சொன்னாலும் கிளம்பலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐயா சர்வர் ரூமுக்கு இறங்கி வந்தார். உட்கார நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. தன் தங்கை வந்து அழுதுவிட்டுப் போனார் என்றார். தன் மனைவியும் இரண்டு நாளாகப் பேசவில்லை என்றார். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக என்று எனக்குப் பட்டது.

பிறகு, "அந்தப் பேர எங்கிட்டச் சொல்லாத அம்மணி. நானே வந்து கேட்டாலுஞ் சொல்லாத," என்றார்.

விசாரணை முடிகிறவரை ஹரிகேசவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம். வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவைக் குழுவில் சேர்த்திருக்கிறார். கவசத்தை நான் சொன்ன நிபந்தனைகளோடே வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாவி பரிமளம் அம்மாவிடம். ட்ரையல் கணக்கை இன்றே முடித்தேன். அதிலிருந்த பழைய பதிவு முழுவதும் அழிந்துவிட்டது என்று பிரதாப் எழுதி அனுப்பினான். மூன்று தடவை படித்தேன்.

ஐயா நல்லவர் என்று எழுத நினைத்தேன். பிறகு, ஆர்டர் நிற்காமல் இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பாரா என்று தோன்றியது. தெரியவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

வாங்குபவர் அனுப்பிய பெண் பெங்களூரிலிருந்து வந்தார். பெயரோடு பதிவு செய்யட்டுமா, பெயர் இல்லாமலா என்று கேட்டார். பெயரோடு என்றேன். இனிஷியலோடு முழுப் பெயரையும் சொன்னேன்.

ஆர்டரில் பாதியைத்தான் விடுவித்திருக்கிறார்கள். மீதி விசாரணை முடிவுக்குப் பிறகு. கட்டிங் மாஸ்டர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ரூபிகா வந்தாள். பெயரைச் சொல்லாமல் வைத்திருந்தேன், இனியும் அது வெளியே வராது, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். என்னவோ சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்பட்டாள். "நீங்க மட்டும் தனியா நிப்பீங்களா அக்கா? அது நான் எழுதுனது," என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசாரணை. ஐயா அறைக்குப் பக்கத்துச் சின்ன அறை. உள்ளே வக்கீல் அம்மாவும் பரிமளம் அம்மாவும். வெளியே வராந்தாவில், காத்திருப்பவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் நான், ஒன்றில் ரூபிகா. அவளுடைய அம்மா தாராபுரத்திலிருந்து வந்து, உட்கார மாட்டேன் என்று மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ரூபிகாவை முதலில் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் கவிதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அன்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அழவிட்ட பெண். ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காலியான நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, கதவையே பார்த்தாள்.

அடுத்து செக்கிங் செக்‌ஷனிலிருந்து இரண்டு பேர். அவர்களில் ஒருத்திக்கு என்னைவிட வயது அதிகம். டேபிளில் இருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், சேலையெல்லாம் நூல் பிசிறு. இன்னும் ஒருத்தியை எனக்கு யாரென்றே தெரியவில்லை. தையல் லைனில் இருக்கிறேன் என்றாள்.

கதவைத் திறந்து, அடுத்தது யார் என்று கேட்க வந்த பரிமளம் அம்மா, எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு, கேண்டீனில் இருந்து பெஞ்சைத் தூக்கி வரச் சொன்னார்.

ஒன்று போதுமா மேடம் என்று அவன் கேட்டான்.

ரெண்டாவே கொண்டா என்றார்.